துணைக்கு ஒரு குரல்

மார்ச் 3

மதிப்புக்குரிய சிஸ்டருக்கு,

வணக்கம். உங்கள் முகவரியை நம் ஆஸ்பத்திரிச் சலவைக்காரரிடம் கேட்டு வாங்கினேன். உங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டவர் அவர்தான் என்று தெரிந்தது.

உங்கள் பிரிவு உபசாரத்தில் நான் கடைசிவரை இருக்கவில்லை என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கலாம். வேண்டுமென்றே செய்ததல்ல. எல்லாரும் கேக்கைச் சுற்றி நிற்கும்போது எலும்பு வார்டிலிருந்து ஆள் வந்தது, ஒரு பருமனான நோயாளியைத் தூக்க வேண்டும் என்று. “போங்க பிரதர், நீங்கதானே நம்ம கிரேன்” என்று தலைமை நர்ஸ் சிரித்தார். போனேன். திரும்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மேல் புகார் வந்திருக்கிறது.

நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் ஓர் அம்மாள் இருந்தாரே, நினைவிருக்கிறதா? வயிற்றில் அறுவைசிகிச்சை முடிந்து சிறுநீர் பிரியாமல் தவித்தவர். அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. குழாய் போடச் சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். வார்டு முழுவதற்கும் அன்று மதியம் நீங்களும் நானும்தான். பெண் நோயாளியிடம் ஆண் நர்ஸ் போனால் ஒரு சிஸ்டர் துணைக்கு நிற்க வேண்டுமே, திரையை இழுத்துவிட்டு, வழக்கப்படி “சிஸ்டர், துணை!” என்று குரல் கொடுத்தேன். “இருக்கேன்!” என்று உங்கள் குரல் வந்தது. குழாயைப் போட்டேன். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது.

அவருடைய மகன் வெளியூரிலிருந்து வந்தாராம். பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதோ பேச்சுவாக்கில், “அந்த ஆம்பள நர்ஸுதான் தனியா உள்ள போய்ப் பண்ணிவிட்டாரு” என்று சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே நினைக்கிறேன். மகன் எழுதியிருப்பது: ‘ஓர் ஆண், என் தாயைத் திரைக்குள் தனியாக.’ வாக்கியத்தை முடிக்கவில்லை. கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். படிக்கிறவர்கள் முடித்துக்கொள்கிறார்கள்.

என்னை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். துணி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசியில் விசாரணை. நர்ஸ் என்ற பதிவு எனக்கு இருக்குமா போகுமா என்பது அதைப் பொறுத்தது.

நீங்கள் துணைக்கு நின்றதாக இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
பிரதர்

*

மார்ச் 8

பிரதருக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து முடிக்கும்போது கோபம்தான் வந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் செய்துவிடாதீர்கள். இந்த வீட்டில் இருப்பது ஒரே கூடம். நான் குரலைத் தாழ்த்தினால் மருமகள் டிவி சத்தத்தையும் தாழ்த்திவிடுகிறாள். எழுதுங்கள். கடிதத்தைப் பிரிக்கும் அளவுக்கு இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

அந்த மகனை எனக்கு நினைவில்லை. தாய் படுத்திருந்தபோது வந்திருந்தால்தானே நினைவிருக்கும்! வந்த முதல் நாளே மானம் போய்விட்டதாம். வயிறு வெடித்துச் செத்திருந்தால் மானம் இருந்திருக்குமா?

ஆனால், பிரதர், நான் அங்கே நிற்கவில்லை.

நீங்கள் “துணை” என்றீர்கள், நான் “இருக்கேன்” என்றேன். எங்கே இருந்தேன்? மருந்தறையில், கையில் ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டு. இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு வார்டை ஓட்டச் சொன்னால் துணைக்கு எங்கே போய் நிற்பது? குரல் வந்தால் போதும் என்று நாமாக வைத்துக்கொண்டோம். எல்லா வார்டிலும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லை நான் ஆயிரம் தடவை வாயால் சொல்லியிருப்பேன். அதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லச் சொன்னால் பயமாக இருக்கிறது.

என் ஓய்வுக் கால ஆவணங்கள் இன்னும் அந்த அலுவலகத்து மேஜையில்தான் கிடக்கின்றன. என் மகனிடம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன். “வேலைய விட்டாச்சுல்லம்மா, இன்னும் எதுக்கு உனக்கு அந்த வம்பு?” என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை என்றும் தோன்றுகிறது.

என்னால் முடியாது. இதற்காக என்னிடம் கோபித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கோபிக்காமல் ‘பரவாயில்லை சிஸ்டர்’ என்று எழுதினால்தான் எனக்குத் தாங்காது.

சிஸ்டர்

*

மார்ச் 13

சிஸ்டருக்கு,

கோபம் இல்லை. கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்போல.

பொய் சொல்லச் சொல்லித்தான் உங்களைக் கேட்டேன். முதல் கடிதத்தில் அதை எனக்கே மறைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் குரல் வந்த திசை எனக்குத் தெரியும். மருந்தறைப் பக்கம்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. துணி அறைக்கு விரிப்பு வாங்க வரும் ஆயாக்கள் முன்பெல்லாம் உள்ளே வந்து எடுத்துப்போவார்கள். இப்போது வாசலில் நின்று கையை நீட்டுகிறார்கள். தலைமை நர்ஸ் நேற்று வந்து, அக்கறையாகத்தான், “இதுக்குத்தான் பிரதர், ஆம்பளைங்களுக்கு இந்த வேலை ஒத்துவராதுன்னு சொல்றது. லேப், எக்ஸ்ரேன்னு போயிருக்கலாமே” என்றார். முப்பது வருடமாக என்னைத் தெரிந்தவர். நோயாளியைத் தூக்குவதற்கும், குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்பவனைக் கட்டிலில் பிடித்து வைப்பதற்கும் ஒத்துவந்த வேலை, ஒரு கிழவியின் வலியைக் குறைப்பதற்கு மட்டும் ஒத்துவரவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. “ஆமாம் சிஸ்டர்” என்றுதான் சொன்னேன். சொல்ல வேண்டியது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

வீட்டில் விஷயம் தெரிந்த பிறகும் மனைவி மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய உறவினர்களுக்கு நான் இன்றுவரை ‘ஆஸ்பத்திரி ஆபீஸர்’. நர்ஸ் என்றால், “டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தலையா?” என்பார்கள் என்று கல்யாணத்தின்போதே மாமனார் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. நேற்று சாப்பாடு பரிமாறிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்: “நிஜமாவே ஒண்ணும் நடக்கலல்ல?”

“இல்லை” என்றேன். “சரி” என்றாள். குழம்பை ஊற்றினாள். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். துணி அறையில் உட்கார்ந்து அந்த மதியத்தை ஒவ்வொரு அசைவாக நினைத்துப் பார்க்கிறேன். போர்வையைத் தேவையான அளவுக்குத்தான் விலக்கினேனா, அதற்கு மேலா? விளக்கம் சொல்லிவிட்டுத் தொட்டேனா, தொட்டுக்கொண்டே சொன்னேனா? குழாய் போகும்போது அந்த அம்மாள் “வேண்டாம்பா” என்றார். சிஸ்டர், அவர் அதைச் சொன்னார். எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. “இதோ ஆச்சும்மா, ஒரு நொடி” என்று நான் தொடர்ந்தேன். வலியில் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்தது சரிதானா? இத்தனை வருடமும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் என் கைகளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இப்போது நானும் பார்க்கிறேன். மடித்த விரிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, இது என்ன செய்தது என்று கேட்கிறேன்.

இந்த வேலை போனால் நான் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸர் இல்லை. கிரேனும் இல்லை.

பிரதர்

*

மார்ச் 19

பிரதருக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்ததும், “கண்ணுல சோப்பு போயிடுச்சா அத்தே?” என்று கேட்டாள் மருமகள். ஆமாம் என்றேன்.

இதோ பாருங்கள். ஆண்கள் வார்டில் நான் எத்தனை பேருக்குக் குழாய் போட்டிருப்பேன்! ஒரு கணக்கு வாத்தியார் இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம்மா, வேண்டாம்மா” என்று அழுதார். “என்ன சார், பொண்ணு பார்க்க வந்த மாதிரி வெக்கப்படறீங்க” என்று சொல்லி வேட்டியை உருவினேன். வார்டே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார், அல்லது சிரித்த மாதிரி இருந்தார். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் கையை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை.

‘வேண்டாம்’ என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லியிருந்தால் அது வலி. உங்களிடம் சொன்னதால் குற்றம். அதை நீங்களே நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் அனுப்பிவிட்டேன். இன்று காலை, பதிவுத் தபாலில், விசாரணைக் குழுவுக்கு. படுக்கைக்கு இடப்பக்கம் நின்றேன், போர்வையைப் பிடித்துக்கொண்டேன், தொடக்கம் முதல் கடைசிவரை நகரவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொல்வதுதான் சொல்கிறோம், அரைகுறையாகச் சொல்வானேன் என்று, அந்த அம்மாளின் கையையும் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சேர்த்தேன்.

என் மகனுக்குத் தெரியாது. ஆவணங்கள் வராவிட்டால் வராமல் போகட்டும். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டும். விசாரணையில் கேட்டால், ‘சிஸ்டர் இடப்பக்கம் நின்றார்’ என்று சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

சிஸ்டர்

*

மார்ச் 20

சிஸ்டருக்கு,

மாதக் கடைசி என்று சொன்ன விசாரணையை நேற்றே வைத்துவிட்டார்கள். காலையில் துணி அறைக்கு வந்து, “பிரதர், உங்களைக் கூப்பிடறாங்க” என்றார்கள். சட்டையை மாற்றக்கூட நேரம் இல்லை.

குழுவில் மூன்று பேர். நிர்வாகி, வெளியிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். எதிரே அந்த மகன். நன்றாக உடுத்திய, களைத்துப்போன மனிதர். கெட்டவராகத் தெரியவில்லை.

முதல் கேள்வியை நிர்வாகி கேட்டார்: “எவ்வளவோ வேலை இருக்கு. நீங்க ஏன் இதுக்கு வந்தீங்க?” இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. பிடித்திருந்தது என்றால் சந்தேகப்படுவார்கள், வேறு கிடைக்கவில்லை என்றால் கேவலமாகப் பார்ப்பார்கள். பேசாமல் இருந்தேன். அதையும் ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

பெண் டாக்டர், “அந்த அம்மாவை யாராவது கேட்டீங்களா, என்ன நடந்ததுன்னு?” என்றார்.

மகன் முகம் சிவந்துபோயிற்று. “எங்கம்மாகிட்ட போய் அதையெல்லாம் எப்படிங்க கேக்கறது?”

யாரும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டார்கள்.

பிறகு அந்த ஓய்வு பெற்ற அம்மையார் என் பக்கம் திரும்பினார். “துணைக்கு யார் இருந்தாங்க?” உங்கள் பெயரைச் சொன்னேன். “எங்கே நின்னாங்க?”

நீங்கள் மறுத்து எழுதிவிட்ட பிறகும், உங்கள் பெயரை வைத்து ஒரு பொய் சொல்லிவிடலாம் என்றுதான் அறைக்குள் போனேன். உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் எங்கே நின்றீர்கள் என்று கேட்டபோது உங்களை நிறுத்த எனக்கு ஓர் இடம் தெரியவில்லை. தலைமாட்டிலா, கால்மாட்டிலா? எந்தப் பக்கம் நிறுத்தினாலும் நீங்கள் அங்கே இல்லை. “மருந்தறையில் இருந்தார். குரல் மட்டும் கொடுத்தார். எல்லா வார்டிலும் அப்படித்தான், ஆள் போதாது” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். “என் காலத்துலயும் அப்படித்தான்” என்றார் நிர்வாகியைப் பார்த்து. பெண் டாக்டர் தலையசைத்தார். மகனும் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்தபோது எழுத்தர் காதோடு சொன்னார்: “ஒரு எச்சரிக்கையோட விட்ருவாங்க பிரதர். உண்மையைச் சொல்லிட்டீங்க, அது அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு.”

சிஸ்டர், நேற்று வீட்டில் சோறு இறங்கியது. மனைவியிடம், “விட்ருவாங்கபோல” என்றேன். அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.

நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னியுங்கள். நிம்மதியாக இருங்கள்.

பிரதர்

*

மார்ச் 26

சிஸ்டருக்கு,

நீங்கள் 19ஆம் தேதி எழுதிய கடிதம் எனக்கு வந்தது. நீங்கள் குழுவுக்கு அனுப்பியது அதற்கு முன்பே அவர்களுக்குப் போய்விட்டது.

மறுபடி கூப்பிட்டார்கள். மேஜையில் உங்கள் கையெழுத்து. ‘இடப்பக்கம் நின்றேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.’ நிர்வாகி உரக்கப் படித்தார். அந்த ஓய்வு பெற்ற அம்மையார் என்னைப் பார்க்கவே இல்லை. “இதுல எது பொய்?” என்று பெண் டாக்டர் மட்டும் கேட்டார்.

நான் கேட்டுக்கொண்டதால்தான் அப்படி எழுதினீர்கள் என்று சொன்னேன். அது உண்மைதானே. உங்கள் மேல் தப்பில்லை, உங்கள் ஆவணங்களை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னேன். தலையைக் குனியாமல்தான் சொன்னேன். சரியாகச் சொன்னதாகவே அப்போது நினைத்தேன்.

இன்று உத்தரவு வந்தது. எழுத்தர் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘பெண் நோயாளிகளின் அருகில் அனுமதிக்கத் தகாதவர்.’ பதிவை ரத்து செய்யப் பரிந்துரை.

நீங்கள் வருத்தப்படக் கூடாது. நீங்கள் மறுத்திருந்த ஒரு காரியத்தை, என் கடிதம்தான் உங்களைச் செய்ய வைத்தது. அந்தக் கைகளைப் பற்றியெல்லாம் நான் எழுதியிருக்கக் கூடாது.

பிரதர்

*

ஏப்ரல் 2

பிரதருக்கு,

என்னைக் காப்பாற்றச் சொல்லி உங்களை யார் கேட்டது?

அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. திட்டி எழுதியிருப்பார்கள் என்று பயந்து பிரித்தேன். எவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ‘தங்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அவர் தங்களை எந்த வகையிலாவது வற்புறுத்தியிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ தயங்காமல் தெரிவிக்கவும். ரகசியம் காக்கப்படும்.’ கூடவே என் ஆவணங்கள், ஒன்றும் குறையாமல்.

பொய் எழுதியவள் நான். எனக்கு அனுதாபம். உண்மை சொன்னவர் நீங்கள். நீங்கள் மிரட்டியவர்! உங்களால் ஒரு ஆயாவை அதட்ட முடியுமா? ஊசி போடும்போது நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் நீங்கள்.

அன்றே போன் செய்தேன், கூடத்தில் எல்லார் முன்னாலும். நிர்வாகியே பேசினார். “என்னை யாரும் மிரட்டலை சார், நானா எழுதினேன்” என்றேன். “புரியுதும்மா, பயப்படாதீங்க” என்கிறார். “பயம் இல்லை சார், பொய் சொன்னது நான்” என்றேன். “நீங்க பக்கத்துல யாரையாவது வச்சுக்கிட்டுப் பேசறீங்களாம்மா?” என்கிறார்! இத்தனை வருடத்தில் அந்த ஆள் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. போனைச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது.

என் மகனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கத்தினான். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் நேரில் வருகிறேன். அந்த அம்மாளின் வீட்டைக் கண்டுபிடிப்பேன். அவருடைய மகன் கேட்க வெட்கப்படுவதை நான் கேட்கிறேன். அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு விசாரணை அறைக்குள் போய் உட்காருவேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சிஸ்டர்

*

ஏப்ரல் 9

சிஸ்டருக்கு,

சரி என்று எழுதத்தான் உங்கள் கடிதம் வந்த அன்றே தாளை எடுத்து வைத்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மனைவி கடைக்குப் போயிருந்தாள். எதிர் வீட்டு மருமகள் குளியலறையில் விழுந்துவிட்டார். எட்டு மாதக் கர்ப்பிணி. சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அவருடைய மாமனார் ஓடிவந்து கதவைத் தட்டினார். இத்தனை காலம் என்னைப் பார்த்தால், “என்ன சார், டூட்டி முடிஞ்சுதா?” என்று ஒரு மாதிரி சிரிப்பவர். அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க நர்ஸுதானே, வாங்க, வந்து பாருங்க!” அந்தச் சொல்லை அவர் வாயில் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

ஓடினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. பாதித் துணியோடு தரையில் கிடந்தார். நெற்றியில் வெட்டு. கால் பக்கத்திலும் ரத்தம் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், நெற்றியை அழுத்திப் பிடிக்க வேண்டும், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. “அண்ணே, குழந்தை” என்றார் அந்தப் பெண்.

நான் உள்ளே போகவில்லை.

நிலைப்படியில் நின்றுகொண்டு, “யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள்” என்றேன். “பொம்பளைங்க யாரும் இல்லைங்க, நீங்க பாருங்க” என்று மாமனார் கத்தினார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய், தெரியாத்தனமாக மருமகளைத் தூக்கி உட்காரவைத்தார். அப்படிச் செய்யக் கூடாது. அதையும் வெளியிலிருந்தே சொன்னேன். அவர் காதில் விழவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தார்கள்.

தாய் பிழைத்துவிட்டார். குழந்தை இல்லை. விழுந்தபோதே போயிருக்கும், யார் தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக மனைவி கேட்டுக்கொண்டு வந்தாள். அப்படித்தான் இருக்கும். எனக்கு நிச்சயமில்லை. பார்த்திருந்தால்தானே தெரியும்.

நீங்கள் அந்த அம்மாளைத் தேடிப் போக வேண்டாம். என் பொருட்டு யாரிடமும் பேச வேண்டாம். மேல்முறையீட்டுத் தாளைக் கிழித்துவிட்டேன். பெண் நோயாளியின் அருகில் விடத் தகாதவன் என்று உத்தரவில் என்னைப் பற்றி எழுதியிருந்தது, எழுதிய நாளில் பொய். இன்று எதிர் வீட்டில் போய்க் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்வார்கள். என்னாலும் மறுக்க முடியாது.

பிரதர் என்று கையெழுத்துப் போட வரவில்லை. இப்படியே அனுப்புகிறேன்.